நாம் பார்த்த வேலைகள்

(சங்கத்தின் பொங்கல் விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டுதோறும் இம்மேடையில் கற்றறிந்த பெரியார் ஒருவர் வள்ளுவரைப் பற்றியோ பாரதியாரைப் பற்றியோ பேசுவது வழக்கம். இவ்வாண்டு வருவதாயிருந்த பேராசிரியருக்கு உடல்நலம் குன்றியமையால், செயலாளர் அவர்கள் நம் வீட்டுக்கு வந்து, "நீங்கள்தாம் ஏதேனும் பேசவேண்டும்" என்றார். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ரயில்வே எழுத்தர் எதைப் பேசுவது? "நீங்கள் இதுவரை பார்த்த வேலைகளைப் பற்றிப் பேசுங்களேன், பிள்ளைகளுக்குப் பயன்படும்" என்றார். எளிய தலைப்பு என்று எண்ணித்தான் அவர் அதனைச் சொன்னார். நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

முதற்கண் ஒரு மன்னிப்பு. மேடையில் நின்றுகொண்டு "நான், நான்" என்று நூறு முறை சொல்ல நாக்கூசுகிறது. பழைய பத்திரிகை ஆசிரியர்கள் தம்மை "நாம்" என்று எழுதுவர், அவ்வழக்கத்தையே கைக்கொண்டோம். தம்மையும் சேர்த்துச் சொல்வதாக எண்ணி எவரும் வருந்தவேண்டா. தீப்பெட்டி ஒட்டியதும் மேசை துடைத்ததும் இங்கு நிற்பவர் ஒருவரே.

நமது ஊர் சாத்தூரை அடுத்த ஒரு சிற்றூர். கரிசல் பூமி. மழை பொய்த்தால் பயிர் இல்லை. பயிர் இல்லாவிடில் தீப்பெட்டி. அந்த வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையைத் "தீப்பெட்டி ஆபீஸ்" என்றே அழைப்பர். ஆதலின், ஆபீஸ் வேலை நமக்கு ஏழு வயதிலேயே வாய்த்துவிட்டது எனலாம்! ஆபீசிலிருந்து மரச்சீவலும் தாளும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அம்மா பசை காய்ச்சுவார். நாமும் தங்கையும் விளக்கடியில் அமர்ந்து பெட்டி மடித்து ஒட்டுவோம். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். கூலி குரோசுக்கு இவ்வளவு என்று கணக்கு. பதினாறாம் வாய்ப்பாட்டை நாம் தட்டுத்தடுமாறிச் சொன்னாலும், 144-ஆம் வாய்ப்பாட்டை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்போம்.

1986-ஆம் ஆண்டு வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், தீப்பெட்டித் தொழிலில் சிறுவர்களை அமர்த்தலாகாது என்று விதித்தது. நல்ல சட்டம்தான். எனினும் குடும்பத்தார் துணையோடு வீட்டில் நடக்கும் வேலைக்கு அத்தடை அன்று பொருந்தவில்லை. ஆகவே நாம் செய்தது சட்டத்தின் கண்ணுக்கு வேலையே அன்று, அம்மாவுக்கு உதவி. அந்த உதவியினால் வலக்கைப் பெருவிரல் நகத்தில் ஏறிய பசை பத்தாம் வகுப்பு வரையில் இறங்கவில்லை.

1995-இல் பத்தாம் வகுப்புத் தேறினோம். மேலே படிக்க வீட்டில் வசதியில்லை. சாத்தூரில் ஒருவர் தட்டெழுத்துப் பயிலகமும், அதனை ஒட்டி ஓர் எஸ்.டி.டி. பூத்தும் நடத்திவந்தார். மாலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரையில் பூத்தில் இருந்தால், காலையில் ஒரு மணி நேரம் தட்டெழுத்துப் பயிலலாம், கட்டணம் வேண்டா, கைச்செலவுக்கும் ஏதேனும் கிடைக்கும் என்பது ஏற்பாடு. நமது இரண்டாவது வேலை அது.

இங்குள்ள குழந்தைகள் எஸ்.டி.டி. பூத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். மஞ்சள் பலகை மாட்டிய சிறு கடை. அதனுள் ஓர் ஆள் மட்டும் நிற்கக்கூடிய கண்ணாடிக் கூண்டு. கூண்டுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். வெளியூருக்குப் பேசப் பகலில் முழுக் கட்டணம். இரவு பதினொரு மணிக்குமேல் கால் பங்கு. ஆதலின் ஊர் அடங்கிய பிறகுதான் நம் கடையில் கூட்டம். பதினொன்று அடிக்கக் காத்து, திண்ணையிலும் தெருவிலும் ஜனங்கள் உட்கார்ந்திருப்பர்.

வியாழன்தோறும் ஒரு மூதாட்டி வருவார். அவர் மகன் சூரத்தில் ஒரு நெசவாலையில் வேலை பார்த்தான். ஆலைக்கு எதிரில் இருந்த கடைக்குத்தான் பேசவேண்டும். கடைக்காரர் போய் அவனை அழைத்துவருவார். அவன் வரும் வரையில் மீட்டர் ஓடும். பாட்டி முந்தானை முடிச்சில் வைத்திருந்த காசு, மகன் குரல் வருவதற்குள்ளாகவே பாதி கரைந்துவிடும். "சாப்பிட்டியாய்யா?" என்று ஒரு கேள்வி, கண் மீட்டரில், உடனே வைத்துவிடுவார். இரண்டு வாரம் பார்த்தோம். மூன்றாம் வாரம், "பாட்டி, முதலில் ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டு உடனே வைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி போடலாம்" என்று சொல்லிக்கொடுத்தோம். அன்று அவர் நான்கு கேள்வி கேட்டார். உரிமையாளர் அறிந்திருந்தால் நம்மைக் கடிந்திருப்பார், கடைக்கு நட்டமல்லவா?

தட்டெழுத்தில் ஆங்கிலம் லோயர் தேறினோம். தேறியவர்களுக்கு வேலை கொடுக்க ஊரில் எவருமில்லை. 1998-இல் உறவினர் ஒருவர் வழியே பம்பாய்க்கு, அதற்குள் மும்பை ஆகிவிட்ட பம்பாய்க்கு, ரயிலேறினோம். மாட்டுங்காப் பக்கத்தில் ஓர் உணவகத்தில் வேலை. காலை நான்கு மணிக்கு இட்லித் தட்டு ஏற்றுவது தொடங்கி, இரவு மேசை துடைத்துக் கவிழ்ப்பது வரையில் எல்லாம் செய்தோம். அங்கு மூன்று ஆண்டு இருந்தும் சொல்லுவதற்கு அதிகம் இல்லை. இந்தி கற்றோம். கொப்பரை மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து வலது மணிக்கட்டில் ஒரு தழும்பு கிடைத்தது. கடைசி மூன்று மாதச் சம்பளம் கிடைக்கவில்லை. தாய்மாமன் கடிதம் எழுதி அழைக்கவே, 2001-இல் பிலாஸ்பூர் வந்து சேர்ந்தோம்.

மாமாவுக்கு நிலையத்தருகில் ஒரு டிபன் கடை. சத்தீஸ்கர் தனி மாநிலமாகி ஓராண்டு ஆகாத காலம் அது. 2003-இல் தென்கிழக்கு மத்திய ரயில்வே உருவாகி, அதன் தலைமையகம் பிலாஸ்பூரில் அமைந்தது. கல்கத்தாவிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் எழுத்தர்கள் மாற்றலாகி வந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்கள். காலையிலும் மாலையிலும் நம் கடையில்தான் ஆகாரம். அவர்களுள் வயது முதிர்ந்த ஒருவர் இட்லிக்குக் காத்திருக்கும் நேரத்தில் "எம்ப்ளாய்மென்ட் நியூஸ்" வார இதழைப் படிப்பார். ஒரு நாள் நம்மைப் பார்த்து, "தம்பி, நீ என்ன படித்திருக்கிறாய்?" என்று வினவினார். சொன்னோம். இதழின் ஒரு பக்கத்தைக் கிழித்துக் கையில் கொடுத்து, "இதற்கு விண்ணப்பம் போடு" என்றார். கேங்மேன் வேலைக்கான அறிவிக்கை அது. விண்ணப்பத்தையும் அவரே தம் கையெழுத்தில் நிரப்பித் தந்தார். அந்தக் கிழிந்த தாளை நாம் ஏன் பத்திரப்படுத்தினோம் என்பது தெரியாது. தாளைத் தூர எறிவது நம் வீட்டு வழக்கம் இல்லை. தீப்பெட்டி ஒட்டியவர்களுக்குத் தாள் என்றால் ஒரு மரியாதை உண்டு.

தேர்வு, ஓட்டம், மருத்துவச் சோதனை எல்லாம் முடிந்து 2005-இல் பணியாணை வந்தது. தொடக்க அடிப்படை ஊதியம் 2,610 ரூபாய்.

இங்கே சற்று நிறுத்திக்கொள்ள வேண்டும். சபையில் சிலர் ஒருவரையொருவர் பார்ப்பதைக் காண்கிறோம். 2013-இல் நாம் இச்சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்தபோது, "எந்தப் பதவியில் வேலைக்குச் சேர்ந்தீர்கள்?" என்று ஒருவர் அன்போடு வினவினார். "எழுத்தராகத்தான்" என்று விடை சொன்னோம். பத்து ஆண்டு அதுவே நின்றது. அது பொய். எட்டு ஆண்டு நாம் கேங்மேன். செயலாளர் தலைப்பைச் சொன்ன இரவு உறக்கம் வராததற்குக் காரணம் இதுவே.

பிலாஸ்பூரிலிருந்து கட்னி செல்லும் பாதையில், பெண்ட்ரா ரோட்டுக்கு இப்பால் காடும் மலையுமான பகுதியில் நம் கேங்கு இருந்தது. பதினாறு பேர். மேட் ஒருவர், சாவிக்காரர் என்று சொல்லப்படும் கீமேன் ஒருவர். கீமேன் தோளில் சுத்தியலோடு நாள்தோறும் தம் பகுதி முழுவதும் நடந்து, தளர்ந்த கிளிப்புகளை அடித்து இறுக்கிக்கொண்டே செல்வார். மற்றவர்களுக்கு ஜல்லி அள்ளுதல், கட்டையடியில் ஜல்லியைத் திணித்தல், பாதையை நேராக்குதல். கட்டை என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, இன்று அது காங்கிரீட். ஒன்றின் எடை 250 கிலோவுக்கும் மேல். மீட்டருக்கு 60 கிலோ என்னும் கணக்கில் 13 மீட்டர்த் தண்டவாளம் ஒன்று ஏறக்குறைய 780 கிலோ ஆகிறது. அதனை இடுக்கியால் கவ்வி இருபுறமும் நின்று ஒரே மூச்சில் தூக்கவேண்டும். ஒருவர் முன்னதாகத் தூக்கினால் அவர் இடுப்பு போயிற்று. ஒருவர் பிந்தினால் அடுத்தவர் கால் போயிற்று. ஆதலின் குரல் கொடுப்பதற்கென்றே ஒருவர் இருப்பார். ஒரு நாள் மேட் நம்மை நோக்கி, "உங்கள் நாட்டில் என்ன சொல்லித் தூக்குவீர்கள்?" என்றார். "ஐலசா" என்றோம். அன்று முதல் அந்தச் சத்தீஸ்கர் காட்டில் "ஐலசா" ஒலித்தது. இன்னமும் ஒலிக்கிறதாம்.

"நாம்" என்னும் சொல்லைக் கூச்சத்திற்காக எடுத்துக்கொண்டதாக முன்னர்ச் சொன்னோம். இந்த எட்டு ஆண்டுகளைப் பொறுத்த மட்டில் அது வெறும் மரியாதைச் சொல் அன்று. பதினாறு பேரில் எவரும் "நான் இன்று இவ்வளவு செய்தேன்" என்று சொல்ல இயலாது.

முதல் நாள் நண்பகலில் ஒவ்வொருவரும் தூக்குச் சட்டியைத் திறந்தனர். உள்ளே நீரூற்றிய பழைய சோறு. பக்கத்தில் வெங்காயமும் பச்சை மிளகாயும்! நம் வீட்டுப் பழையதேதான். அவர்கள் அதனைப் "பாசி" என்பர். நாமோ புதிய உத்தியோகத்திற்கு ஏற்றதாக இருக்கட்டும் என்று மாமா கடை இட்லியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தோம். வெயிலில் அது உலர்ந்து கல்லாகிவிட்டது. பக்கத்திலிருந்தவர் தம் சோற்றில் பாதியை நம் முன் தள்ளினார். அன்று முதல் கேங்கில் நமது பெயர் "இட்லி." (2022 மே முதல் நாளன்று சத்தீஸ்கர் அரசு தொழிலாளரைச் சிறப்பிக்க எல்லோரையும் பாசி உண்ணுமாறு கேட்டுக்கொண்டது. அதிகாரிகள் பாசிக் கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டபோது நம் கேங்கார் என்ன நினைத்தனரோ!)

சோற்றைத் தள்ளியவரை நாம் "பையா" என்று அழைத்தோம். அண்ணன் என்று பொருள். நம்மோடு ஒரே அறிவிக்கையில் தேர்வாகி ஒரே வாரத்தில் சேர்ந்தவர். வயதில் ஆறேழு ஆண்டு மூத்தவர். மண்ணையும் இரும்பையும் நன்கறிந்தவர்.

கோடையில் தண்டவாளம் விரியும், மாரியில் சுருங்கும். ஒன்றோடொன்று பற்றவைத்த நீண்ட தண்டவாளத்தில், விரிந்தால் பாதை கோணும். சுருங்கினால் பற்றிய இடம் விடும். ஆகவே கடுங்கோடையில் பகற்காவல், கடுங்குளிரில் இராக்காவல். பெண்ட்ராப் பக்கத்துக் குளிரைப் பிலாஸ்பூரில் இருப்பவர்கள் அறியமாட்டார்கள். 2010 சனவரியில் ஓரிரவு நாமும் பையாவும் காவல் நடந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். பையா திடீரென்று நின்று விளக்கைத் தாழ்த்தினார். பற்றுவைப்பு விட்டு, தண்டவாளத்தில் ஒரு விரல் நுழையும் இடைவெளி. நாம் அதனைத் தாண்டி இரண்டடி போய்விட்டோம். நம் கண்ணில் படவில்லை. நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டி அப்பாதையில் வரவேண்டிய நேரம்.

"ஓடு, இட்லி!" என்றார்.

விதி இது: 600 மீட்டரில் ஒரு டெட்டனேட்டர்; 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று. சக்கரம் ஏறினால் அவை வெடிக்கும், ஓட்டுநர் நிறுத்துவார். ஒருவர் முறிந்த இடத்தில் சிவப்பு விளக்கோடு நிற்கவேண்டும், மற்றவர் ஓடவேண்டும். ஜல்லியில் இரவில் 1,200 மீட்டர் ஓடுவது எத்தகையது என்பதைச் சொல்லி விளக்க இயலாது. இரு முறை விழுந்தோம். மூன்றாவது டெட்டனேட்டரைத் தண்டவாளத்தில் பொருத்தி நிமிரும்போது வளைவில் ஒளி தெரிந்தது. வெடித்தது, வண்டி நின்றது. அதன்பின் கிளாம்பு பூட்டி, மனித நடை வேகத்தில் அதனைக் கடத்திவிட்டனர். சிவகாசிப் பக்கத்துக்காரன் வைத்த பட்டாசு நமுத்துப்போகாது என்று பையா பல நாள் கேலி செய்தார்.

எழுத்தர் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு, கடைநிலை ஊழியரிலிருந்து துறைத் தேர்வு வழியே நிரப்பப்படுவதை அறிவீர்கள். 2012-இல் அத்தேர்வுக்குப் படித்தோம். கேங்குக் குடியிருப்பில் மாலையில் மின்சாரம் இராது. பகலில் உடம்பு முறியும். பையா மேட்டிடம் பேசி, எளிய வேலைகள் நம் பங்கில் விழுமாறு செய்தார். நமக்குரிய ஜல்லியையும் பல நாள் அவரே அள்ளினார். பையாவின் மனைவி நம் வீட்டுக்கும் சேர்த்து ரொட்டி சுட்டு அனுப்புவார். அப்பொழுது நம் மூத்த மகன் கைக்குழந்தை. எழுத்துத் தேர்வில் தேறினோம். தட்டெழுத்தில் நிமிடத்திற்கு 30 ஆங்கிலச் சொல் வேண்டும். சாத்தூர்ப் பூத்து கைகொடுத்தது. ஜல்லி அள்ளிக் காய்த்த விரல்கள் முதல் நாள் எழுத்தில் பதியவே இல்லை. பிறகு தாமே வழியைக் கண்டுகொண்டன.

2013-இல் பணியாளர் பிரிவில் எழுத்தரானோம். மின்விசிறி, நாற்காலி, இக்காலனியில் வீடு. சங்கத்தில் உறுப்பினரானோம். அந்தப் பொய்யையும் அன்றுதான் சொன்னோம். எவரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. "கேங்மேன்" என்று சொன்னால் இங்கு எவரேனும் இழிவாக நடத்தியிருப்பீர்களா என்பதும் நமக்குத் தெரியாது. நாம் சோதித்துப் பார்க்கவில்லை.

ஊழியரின் பணிப் பதிவேடுகளைப் பேணுவது நமது வேலை. பிறந்த நாள், நியமன நாள், ஊதிய உயர்வு, விடுப்பு, தண்டனை என்று ஒருவரது முப்பது நாற்பது ஆண்டு வாழ்வு அதில் இருக்கும். பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது நம்முடையதும் நம் கைக்கே வந்தது. அது 2005-இல் தொடங்குகிறது. தீப்பெட்டியும் பூத்தும் உணவகமும் அதில் இல்லை. அங்க அடையாளம் என்னும் கட்டத்தில் மட்டும், "வலது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு" என்று எவரோ எழுதியிருந்தார். மும்பை உணவகம் அவ்வாறாகப் பதிவேட்டில் ஏறிவிட்டது.

இனி, சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

2004 சனவரி முதல் நாளன்றும் அதற்குப் பின்னரும் மத்திய அரசுப் பணியில் சேர்ந்தோர்க்குப் பழைய ஓய்வூதியம் இல்லை, புதிய திட்டம்தான். அத்திட்டத்தின் அறிவிக்கை வெளியான நாள் 2003 டிசம்பர் 22. அந்நாளுக்கு முன் விளம்பரமான இடங்களுக்குத் தேர்வாகி, பின்னர்ப் பணியில் சேர்ந்தோர் ஒரு முறை மட்டும் பழைய ஓய்வூதியத்திற்கு மாறிக்கொள்ள விருப்பம் தெரிவிக்கலாம் என்று 2023 மார்ச் 3-ஆம் நாள் ஆணை வந்தது. கடைசி நாள் ஆகஸ்டு 31. தவறினால் பிறகு வழியில்லை.

சூலை மாதம் ஒரு நாள். நம் சன்னலின் அருகே நமது சங்கத்து நண்பர் ஒருவர் ஏதோ அலுவலாக வந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அந்நேரம், வெளியே வரிசையிலிருந்து ஒரு குரல்: "அடே இட்லி! எங்களையெல்லாம் மறந்துவிட்டாயா?"

பையா. தலை நரைத்திருந்தது. கையில் கசங்கிய படிவம். இரண்டு நாள் விடுப்பெடுத்து வந்திருந்தார்.

நண்பர் திரும்பிப் பார்த்தார். நாம் பையாவின் முகத்தைப் பார்க்காமல், அலுவலக இந்தியில், "படிவத்தை வைத்துவிட்டுச் செல்லுங்கள், பார்த்துத் தகவல் சொல்வோம்" என்றோம்.

சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "சரி, பாபுஜி" என்று சொல்லிப் படிவத்தைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனார். நம்மை அவர் பாபுஜி என்று அழைத்தது அதுவே முதல் முறை.

படிவத்தில் பாதிக் கட்டங்கள் நிரப்பப்படவில்லை. அறிவிக்கை எண், நாள் என்னும் இடங்கள் வெறுமையாக இருந்தன. எந்த அறிவிக்கையில் தேர்வானோம் என்பதை இருபது ஆண்டு கழித்து எவர் நினைவில் வைத்திருப்பார்? அதனைக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.

இரவு வீட்டில் சொன்னோம். மனைவி சற்று நேரம் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே இருந்தார். "அந்த அண்ணி சுட்டுக் கொடுத்த ரொட்டியைத் தின்றுதானே நீங்கள் பரீட்சை எழுதினீர்கள்?" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. நாம் பரண்மீது ஏறி, மும்பையிலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியை இறக்கினோம். அடியில் அந்தக் கிழிந்த இதழ்ப் பக்கம் இருந்தது. ஓரம் பழுத்து, மடிப்பில் ஓட்டை விழுந்திருந்தது. எண்ணும் நாளும் தெளிவாகத் தெரிந்தன. டிசம்பர் 22-க்கு முந்தியது.

ஞாயிறன்று குடும்பத்தோடு பாசஞ்சர் வண்டியேறிப் பழைய கேங்குக் குடியிருப்புக்குச் சென்றோம். பையா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. நாம் கும்பிட்டு, "பையா, இட்லி வந்திருக்கிறேன்" என்றோம். "பாபுஜிக்கு நாற்காலி போடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். நாற்காலி வந்தது. நாம் தரையில் உட்கார்ந்தோம். நெடுநேரம் கழித்து, "உன் மகன் இவ்வளவு வளர்ந்துவிட்டானா?" என்று கேட்டார்.

அங்கிருந்த மகுவா மரத்தடியில் (நம் இலுப்பைக்கு உறவான மரம்) பாய் விரித்து, சுற்றுவட்டத்துக் கேங்குகளிலிருந்து வந்த பதினொருவருக்குப் படிவம் நிரப்பினோம். சிலர் கைந்நாட்டுப் போல் நடுங்கிக் கையெழுத்திட்டனர். அவர்கள் கை சுத்தியல் பிடித்த கை. பன்னிரண்டாவதாக ஒருவர் வந்தார். நம்மோடு அதே ஆண்டு சேர்ந்தவர். ஆனால் அவர் வந்தது அடுத்த அறிவிக்கையில். சில மாத வேறுபாடு. ஆணை அவருக்குப் பொருந்தாது. தாளை இரு முறை படித்துக் காட்டினோம். "நானும் அதே ஜல்லியைத்தானே அள்ளினேன்?" என்றார். விடை சொல்லத் தெரியவில்லை. 2025 ஏப்ரல் முதல் ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. அதனைப் பற்றி அவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். அவர் கேட்ட கேள்விக்கு அது விடை ஆகாது.

படிவங்களைக் கெடுவுக்கு முன்பே சேர்ப்பித்தோம். பன்னிரண்டாவது படிவம் நம்முடையது. அதில் "முதல் நியமனத்தின்போது வகித்த பதவி" என்பதற்கு நேரே "கேங்மேன்" என்று எழுதினோம். பின்னர் ஒப்புதலான பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினர். காலனியில் சிலர் அதனைப் படித்திருப்பீர்கள். எவரும் நம்மிடம் கேட்கவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கு நன்றி. ஆயினும் நீங்கள் கேளாததை நாமே சொல்லிவிடவேண்டும் என்றுதான், செயலாளர் கேட்டவுடன் மறுக்காமல் ஒப்புக்கொண்டோம்.

குறித்த நேரத்திற்குமேல் பேசிவிட்டோம். பின்னால் குழந்தைகள் சலங்கை கட்டி நிற்பது காதில் விழுகிறது. ஒன்று மட்டும். மூன்றாவது வரிசையில், கம்பளிப் போர்வை போர்த்துத் தம் மனைவியாரோடு அமர்ந்திருக்கும் பெரியவர் நமது விருந்தினர். தமிழ் அறியார், இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சர்க்கரைப் பொங்கல் பரிமாறும்போது தாய்மார்கள் அவருக்கு இரண்டு கரண்டி கூடுதலாக வைக்கவேண்டும். இட்லி வேண்டாம், அதில் அவருக்கு நம்பிக்கை இல்லை.